கொக்குத்திட்டில் முப்பத்தெட்டு நாற்காலிகள்

இப்போதெல்லாம் சும்மா இருப்பதற்குக்கூடக் கூட்டம் போடுகிறார்கள். எங்கள் காலத்தில் உடம்பு அலுத்தால் வலையைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தோம். எழுந்தோம், போனோம். இப்போது அலுப்பு வருவதற்கு ஆறு மாதம் முன்னாலேயே எங்கே படுப்பது, எந்தப் பக்கம் தலை வைப்பது, படுத்துக்கொண்டு எதைப் பார்ப்பது என்று காகிதம் எழுதி, அந்தக் காகிதத்தின் மேல் இன்னொரு காகிதம் வைத்துக் கட்டி முத்திரை குத்துகிறார்கள். என்னவென்று கேட்டால் உல்லாசம் என்கிறார்கள். சொல்லும்போது ஒருத்தர் முகத்திலும் சிரிப்பைக் காணோம். ஜப்தி செய்ய வந்தவன் முகம்தான் எல்லாருக்கும்.

என் பெயர் சூசைமுத்து. ஊர் பாம்பன், தொழில் கடல். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பெரிய மனிதர்கள் பேசினால் முதலில் அவர்கள் கையைப் பார்ப்பேன். கை எங்கே போகிறது என்று தெரிந்த பிறகுதான் வாயைக் கவனிப்பது. இந்தப் பழக்கத்தால் எனக்கு நஷ்டம் வந்ததில்லை.

அறுபத்தேழாம் வருடம் பங்குனியில் உல்லாசத் தீவுத் திட்டக் குழு என்று சொல்லிக்கொண்டு ஒரு ஜீப்பு நிறைய ஆட்கள் எங்கள் கரைக்கு வந்தார்கள். தலைவர் ஒரு தனி அதிகாரி. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. அவரோடு ஒரு ஓவர்சியர், சாயல்குடிக்காரர் இருளாண்டி என்ற குமாஸ்தா, பிறகு குடை பிடிக்க, பெட்டி தூக்க, ஆமாம் சொல்ல என்று ஆறு பேர். தீவுகளைப் பார்க்க வள்ளம் வேண்டும் என்றார்கள். என்னிடம் வள்ளம் இருந்தது. பாய் பிடிக்க மண்டபத்து மதார் இருந்தான். முப்பது வருடமாக அவனும் நானும் ஒரே வள்ளம்.

தனி அதிகாரியின் கையில் ஒரு படம் இருந்தது. எந்த நாட்டுக் காலண்டரிலிருந்தோ கிழித்தது. பச்சைப் பசேலென்று ஒரு தீவு, சாய்ந்து நிற்கும் தென்னைகள், வெள்ளை மணல், சாய்வு நாற்காலியில் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரி. “இதைப் போன்ற ஒரு தீவை இந்த மாவட்டத்தில் கண்டுபிடிக்க வேண்டும் என்பது உத்தரவு,” என்றார்.

முதல் தீவில் இறங்கியதும் படத்தை உயர்த்திப் பிடித்தார். படத்தைப் பார்த்தார், தீவைப் பார்த்தார். தீவில் முள்ளும் நண்டும் இருந்தன. “பொருந்தவில்லை,” என்றார். இருளாண்டி “பொருந்தவில்லை” என்று எழுதிக்கொண்டார். இரண்டாவது தீவில் மரம் இருந்தது, மணல் கறுப்பு. பொருந்தவில்லை. மூன்றாவதில் இரண்டும் சுமாராக இருந்தன. ஆனால் கரை வலது பக்கம் வளைந்திருந்தது, படத்தில் இடது பக்கம். படத்தைத் திருப்பிப் பிடித்தால் சரியாகிவிடும் என்றார் ஓவர்சியர். திருப்பினால் வெள்ளைக்காரி தலைகீழாகிறாள் என்று அதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை.

நாலாவது கொக்குத்திட்டு. அதை விட்டு விலகித்தான் நான் சுக்கானைத் திருப்பினேன். ஓவர்சியரிடம் தூரம் பார்க்கிற கண்ணாடி ஒன்று இருந்தது. “ஐயா, பச்சை,” என்றார்.

“ஏலே சூச, கண்டுட்டாங்கடா,” என்று மதார் என் காதோரம் சொன்னான்.

வேறு வழியில்லை, இறக்கிவிட்டேன். திட்டின் வடக்குக் கரையில் ஆள் உயரத் தென்னங்கன்றுகள் வரிசை பிடித்து நின்றன. மூன்று வரிசை, முப்பத்தெட்டுக் கன்று. மற்ற இடமெல்லாம் காய்ந்த முள், இந்த இடம் மட்டும் பச்சை. பெயர்தான் கொக்குத்திட்டு. இந்த இரண்டேகால் வருடத்தில் அந்தக் கன்றுகள் பக்கம் ஒரு கொக்கு இறங்கி நான் பார்த்ததில்லை.

அதிகாரி படத்தை உயர்த்திப் பிடித்தார். பிறகு, “படத்தில் உள்ள மரங்கள் முதியவை. நம்முடையவை இளமையானவை. அந்த நாட்டை நாம் மிஞ்சிவிட்டோம்,” என்றார். ஆறு பேரும் ஆமாம் என்றார்கள். “இயற்கை அன்னை எவ்வளவு ஒழுங்காக நட்டிருக்கிறாள் பாருங்கள்.”

“இயற்கை நடல சார்,” என்றேன். “நாங்க நட்டது.”

“நீங்களா? எதற்காக?”

“ஒவ்வொண்ணுக்குக் கீழயும் ஒரு ஆள் இருக்காக.”

அவர் மணலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “எத்தனை பேர்?”

“முப்பத்தெட்டு.”

“அவர்களிடம் பட்டா இருக்கிறதா?”

“இல்ல சார்.”

“ஆக்கிரமிப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள்,” என்றார் இருளாண்டியிடம்.

அறுபத்து நாலு மார்கழிப் புயல் அடித்து ஓய்ந்த நாலாம் நாள், நானும் மதாரும் என் மகளைத் தேடி வள்ளம் எடுத்தோம். லீமாரோஸ் கிறிஸ்மசுக்குத் தனுஷ்கோடியில் அவள் அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த வீடும் இல்லை, அந்தத் தெருவும் இல்லை, தெரு இருந்த மணலும் இல்லை. இரண்டு நாள் சுற்றிக் கடைசியில் கொக்குத்திட்டுக்கு வந்தோம். வடக்குக் கரை முழுக்க ஆட்கள் ஒதுங்கிக் கிடந்தார்கள். முகம் என்று சொல்ல ஒருத்தருக்கும் ஒன்றும் மிச்சமில்லை. எந்தச் சாதி, எந்த வேதம் என்று கேட்கிற நிலையில் அவர்களும் இல்லை, நாங்களும் இல்லை. வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுவர முடியாது. துடுப்பால் தோண்டினோம். ஏழாவதாக நான் புரட்டிய உடம்பின் கழுத்தில் ஒரு மாதா சுரூபம் கிடந்தது. கயிறு வலை நூல். நான் இடது கைக்காரன், என் முடிச்சு மற்றவர்கள் முடிச்சுக்கு எதிர்ப்பக்கம் சுற்றி விழும். அது என் முடிச்சு. நூலை அறுக்க மனம் வராமல் அப்படியே மூடினேன்.

தலைமாட்டில் சிலுவை வைக்கக் கட்டை இல்லை. புயல் ஆட்களோடு தேங்காய்களையும் கொண்டுவந்து போட்டிருந்தது. ஆளுக்கு ஒரு காயாக நட்டோம். மதார் தனக்குத் தெரிந்த ஓதலை ஓதினான், நான் எனக்குத் தெரிந்த செபத்தைச் சொன்னேன்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் செத்தவர்கள் உப்புத்தண்ணி குடித்துச் செத்தவர்கள், அவர்களுக்குத் தாகம் அடங்காது. சனிக்கிழமைதோறும் தலைமாட்டில் நல்ல தண்ணி ஊற்ற வேண்டும். திட்டில் ஒரு சொட்டு நல்ல தண்ணி கிடையாது. பாம்பன் கிணற்றிலிருந்து தகர டின்களில் இறைத்து வள்ளத்தில் கொண்டுபோய் ஊற்றினோம். “தாகத்துக்குத் தண்ணி குடுக்கிறதுக்கு மார்க்கம் பாக்கணுமாடா,” என்பான் மதார், ஒரு சனிக்கிழமையும் தவறினதில்லை. அந்தப் பச்சை அப்படி வந்தது. ஊற்றிய தண்ணி மணலில் இறங்குகிற சத்தம் எனக்குப் பழகவே இல்லை. மணல் உறிஞ்சுகிற சத்தமாக அது இல்லை. தொண்டையில் இறங்குகிற சத்தம்.

இதையெல்லாம் அதிகாரியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். முடிவில், “அதாவது, இந்தத் தீவில் தென்னை நன்றாக வளர்கிறது என்கிறீர்கள்,” என்றார்.

பத்து நாளில் திட்டு முழுக்க அளந்து முளை அடித்தார்கள். ஒரு கன்றுக்கு ஒரு குடிசை, முப்பத்தெட்டுக் குடிசை. எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கக்கூசுக் குழி ஒன்று. தரை சரிகிற பக்கம் பார்த்து ஓவர்சியர் சிவப்புக் கொடி நட்டார். கொடி முதல் வரிசை ஏழாவது கன்றின் அடியில் நின்றது. பத்தடிக்குப் பத்தடி, ஆழம் எட்டடி என்றார்.

“அதுல என் மக இருக்கு சார்,” என்றேன்.

“மட்டம் அங்கேதான் சரியாக விழுகிறது பெரியவரே. நான் என்ன செய்வேன்? தண்ணீருக்கு உறவு தெரியுமா?” என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு மட்டம் பார்க்கிற கருவி ஒன்று கொடுத்திருந்தார்கள், அதில் தெரியாதது எதுவும் அவருக்குத் தெரியாது.

இராமநாதபுரம் போய் மனுக் கொடுத்தேன். இருளாண்டி மனுவை வாங்கித் தடிமனான புத்தகம் ஒன்றைப் புரட்டினார்.

“பேரு?”

“லீமாரோஸ்.”

“நெலமை?”

“செத்துப்போச்சு.”

விரலை வரிசையில் ஓட்டினார். “காணாமப் போனவக பட்டியல்லதான இருக்கு. காணாமப் போனவகள எப்படிப் பெரியவரே பொதைச்சிக?”

“கண்டுபிடிச்சுத்தான்.”

“கண்டுபிடிச்சா அவுக காணாமப் போனவக இல்லையே.”

“அதைத்தானய்யா நானும் சொல்றேன்.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு உள்ளே கூட்டிப் போனார். தனி அதிகாரி என்னை உட்காரச் சொன்னார். உட்காரச் சொல்கிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பயம்.

“பெரியவரே, காணாமல் போன ஒருவர் இறந்தவராகக் கருதப்பட ஏழு ஆண்டுகள் ஆக வேண்டும். உங்கள் மகளுக்கு மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. நீங்கள் பெற்ற தகப்பன், அவசரப்படுகிறீர்கள். அரசாங்கம் அவசரப்பட்டு யாரையும் சாகடிக்காது. அது மக்களுக்காக இருக்கிற அரசாங்கம்.”

“நான் என் கையால மண்ணுப் போட்டேன் சார்.”

“அத்தாட்சி?”

முடிச்சைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. “அந்த முடிச்சைக் கொண்டுவந்து காட்டுங்கள், பரிசீலிக்கிறேன். ஆனால் அரசாங்க நிலத்தைத் தோண்ட அனுமதி வேண்டும். அனுமதி தர வேண்டுமென்றால் அங்கே ஏதோ இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி வேண்டும்.”

“கக்கூசுக்குத் தோண்டுறதுக்கு?”

“அங்கே ஒன்றும் இல்லை என்பதால் அதற்கு அனுமதி ஏற்கெனவே கிடைத்துவிட்டது,” என்றார்.

வீட்டுக்கு வந்தேன். என் பெண்சாதி செபஸ்தியம்மாள் கொக்குத்திட்டுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. மகளைப் புதைத்ததை நான் சொன்னபோது கேட்டுக்கொண்டாளே தவிர, அழுததில்லை. அன்றைக்கு, “என்ன சொன்னாக?” என்றாள்.

“காணாமப் போனவன்னுதான் புத்தகத்துல இருக்காம்.”

அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, “அப்பத் தேடணும்ல,” என்றாள்.

அரசாங்கம் எங்கேயோ எழுதின ஒரு வார்த்தை என் வீட்டு அடுப்படி வரைக்கும் வந்து உட்கார்ந்திருந்தது.

சித்திரை பிறந்ததும் ஒத்திகை விடுமுறை என்று ஒன்று அறிவித்தார்கள். கட்டடம் எழும்புவதற்கு முன்னால் உல்லாசத்தை ஒருமுறை நடத்திப் பார்த்துவிட வேண்டுமாம். அதற்கு ஒரு நாள், சனிக்கிழமை, குறித்தார்கள். குழி தோண்டுகிற வேலை அதற்கடுத்த திங்கட்கிழமை. ஒத்திகைக்கு என் வள்ளத்தோடு இன்னும் மூன்று வள்ளம் அமர்த்தினார்கள். மடக்கு நாற்காலி முப்பத்தெட்டு, தட்டு முப்பத்தெட்டு, கண்ணாடித் தம்ளர் முப்பத்தெட்டு. நான் சனிக்கிழமைத் தண்ணியை டின்களில் ஏற்றிக்கொண்டேன். “பரவாயில்லை, பெரியவர் பொறுப்பாக விருந்தினர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்,” என்றார் அதிகாரி. நான் மறுக்கவில்லை.

கரையில் நின்று ஒரு பேச்சுப் பேசினார். “உல்லாசம் தானாக வருவதல்ல. பயிற்சியால் வருவது. வெள்ளைக்காரன் இருநூறு ஆண்டுகள் பயிற்சி எடுத்தான். நாம் இன்று தொடங்குகிறோம். யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.”

இருளாண்டி நிகழ்ச்சி நிரலை வாசித்தார். பத்து மணிக்கு வருகை. பத்தே காலிலிருந்து பத்தரை வரை வியப்பு. பத்தரைக்கு மகிழ்ச்சி. பதினொன்றுக்குக் கடல் குளியல், மாற்றுத்துணிக்கு உத்தரவு வராததால் நனையாமல். பன்னிரண்டுக்கு மர நிழலில் ஓய்வு. ஓவர்சியர் வெளிநாட்டுப் பயணி. பெட்டி தூக்குகிற ராக்கு என்ற மீசைக்காரர் அவருடைய துரைசாணி. அவருக்கு ஒரு ஓலைத் தொப்பி கொடுத்தார்கள். வியப்பு நேரத்தில் ராக்கு வாயைத் திறந்து கால் மணி நேரம் கடலைப் பார்த்தார். போதாது என்று சொல்லி இன்னொருமுறை வியக்க வைத்தார்கள்.

இதற்கிடையே கன்றுக்கு ஒன்றாக முப்பத்தெட்டு நாற்காலியையும் கடலைப் பார்த்துப் போட்டார்கள். நாற்காலிக்கு முன்னால் ஒரு தட்டு, ஒரு தம்ளர், தம்ளர் நிறையப் பாம்பன் தண்ணி. வரிசையாக அந்த வெறும் நாற்காலிகளைப் பார்த்ததும் மதார் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான். “சூச, யாரையோ கூப்புட்டு உக்கார வச்ச மாதிரி இருக்குடா,” என்றான்.

இருளாண்டி ஒரு மேசை போட்டு, வந்தோர் போனோர் பதிவேடு என்ற புத்தகத்தை விரித்திருந்தார். பெயர் பதியாமல் நாற்காலி போடக் கூடாது என்பது விதி. வந்திருப்பதோ ஒன்பது பேர், அவர்கள் குழுவினர், விருந்தினர் ஆக மாட்டார்கள். பக்கம் வெறுமையாக இருந்தால் மேலிடத்துக்கு என்ன காட்டுவது என்று அதிகாரி சத்தம் போட்டுவிட்டுப் போனார். இருளாண்டி பேனாவை வைத்துக்கொண்டு நாற்காலிகளையே பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், “பெரியவரே, பேரு தெரிஞ்சாச் சொல்லுங்க,” என்றார்.

“ஒரு பேருதான் தெரியும். ஏழு. லீமாரோஸ்.”

எழுதினார். “மத்தவக?”

எனக்கு ஒவ்வொருவரையும் ஞாபகம் இருந்தது. மதாரும் நானும் மாறி மாறிச் சொன்னோம். ஒன்று, நீலச் சட்டை. இரண்டு, ரயில்வே பொத்தான் வைத்த கோட்டு. மூன்று, கையில் சாவிக்கொத்தை விடாமல் பிடித்திருந்தவர். நாலு, கெண்டைக்காலில் பழைய தையல் தழும்பு. இருளாண்டி முப்பத்தெட்டையும் எழுதினார். வந்த தேதி போட்டார். போன தேதிக்கு ஒரு கட்டம் இருந்தது, அதை விட்டுவிட்டார்.

பன்னிரண்டு மணிக்குக் காற்று நின்றது. சித்திரையில் அப்படி நிற்பது புதிதில்லை. ஆனால் அலையும் நின்றது. குழுவினர் கூடாரத் துணிக்குக் கீழே கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். ஓய்வைத் தான் நேரில் சோதிக்கப்போவதாகச் சொல்லித் தனி அதிகாரி மட்டும் கன்றுகளின் பக்கம் நடந்தார். முதல் வரிசையில் ஏழாவது நாற்காலிதான் அவருக்குப் பிடித்தது. “சார், அது வேணாம்,” என்றேன். கடலை நன்றாகப் பார்க்கலாம் என்று சொல்லி உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் உடனே எழுந்தார். கால்சட்டை இடுப்பிலிருந்து முழங்கால் வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நாற்காலித் துணியைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்து சுட்டது. விரலை நாக்கில் வைத்தார். “உப்பு,” என்றார், யாரிடமும் சொல்லாமல். அந்த ஏழாவது கன்றின் ஓலை மட்டும் லேசாக ஆடி நின்றது. பெண்பிள்ளை குளித்துவிட்டுத் தலையை உதறுகிற மாதிரி. நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். மதார் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

அப்போதுதான் ராக்கு தொப்பியைக் கழற்றிக்கொண்டு, “தம்ளரு,” என்றார்.

முப்பத்தெட்டுத் தம்ளரும் காலி. கவிழ்ந்திருக்கவில்லை, மணல் நனைந்திருக்கவில்லை. வைத்தது வைத்தபடி, காலி. அதிகாரியைத் தவிர ஒருத்தரும் அந்தப் பக்கம் போகவில்லை, மற்ற எல்லாரும் சோற்றின் முன்னால் இருந்தார்கள்.

“ஆவியாகியிருக்கும்,” என்றார் ஓவர்சியர். “வெயில்.” வேலையில் கெட்டிக்காரர், குனிந்து நாற்காலிகளையும் பார்த்தார். வெறும் நாற்காலியின் கால் மணலில் இறங்காது. ஆள் உட்கார்ந்தால்தான் இறங்கும். முப்பத்தெட்டும் நாலு விரற்கடை இறங்கியிருந்தன. இரண்டாம் வரிசையில் ஒன்று மட்டும் இரண்டு விரற்கடைதான். அந்தக் கன்றின் கீழே இருந்தது சின்னப் பிள்ளை. ஓவர்சியர் அளவுகோலை வைத்து ஒவ்வொன்றாக அளந்தார். “மண்ணின் தாங்குதிறன் குறைவு, இடத்துக்கு இடம் மாறுபடுகிறது” என்று எழுதச் சொன்னார்.

இரண்டரைக்கு இருந்த மகிழ்ச்சியின் இரண்டாம் பகுதியை ரத்து செய்துவிட்டு வள்ளம் ஏறினார்கள். நாற்காலிகளை எடுக்க ஒருத்தரும் முன்வரவில்லை. பின்னால் பார்த்தபோது அவை வரிசையாகக் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தன. எங்களை வழியனுப்புகிறார்களா, கூப்பிடுகிறார்களா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை குழி தோண்ட ஆள் வரவில்லை. அடுத்த திங்களும் வரவில்லை. பயந்துவிட்டார்கள் என்று மதார் சொன்னான். நான் நம்பவில்லை. பயப்படுகிற மனிதர்களை எனக்குத் தெரியும், பயப்படுகிற ஆபீசை நான் பார்த்ததில்லை.

வைகாசியில் இராமநாதபுரத்துக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். குழு முழுவதும் மேசையைச் சுற்றி இருந்தது. தனி அதிகாரி எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கை ஈரமாக இருந்தது. அது வேர்வையாகவும் இருக்கலாம்.

“பெரியவரே, நம்முடைய ஒத்திகை மாபெரும் வெற்றி. அறிக்கையைப் பார்த்து மேலிடம் பாராட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறது. திறப்பு விழாவுக்கு முன்பே முழுவதும் நிரம்பிய விடுதி இந்த நாட்டிலேயே நம்முடையதுதான். முப்பத்தெட்டு இடம், முப்பத்தெட்டு விருந்தினர். கொடுத்த தண்ணீரை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் அருந்தியிருக்கிறார்கள். ஒரு புகார் இல்லை. இப்படிப்பட்ட விருந்தினர்களை நான் என் சேவையில் கண்டதில்லை.”

“அவுக செத்தவக சார்.”

“அப்படி எங்கும் பதிவு இல்லை. வந்ததாகப் பதிவு இருக்கிறது.” பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். “ஆனால் ஒரு சிக்கல். போன தேதி ஒருவருக்கும் இல்லை. விருந்தினர் தங்கியிருக்கும்போது அந்த இடத்தில் மண்வேலை செய்யக் கூடாது என்று விதி சொல்கிறது. இருளாண்டிதான் எடுத்துக் காட்டினார்.”

இருளாண்டி என்னைப் பார்க்கவில்லை. மைக்கூட்டின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள்,” என்று அதிகாரி ஆறு பேரையும் பார்த்தார். “கிழித்தால் மேலிடத்தின் பாராட்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். அது முறையல்ல. ஆகவே விருந்தினர்கள் தாங்களாகப் புறப்படும் வரை திட்டத்தை ஒத்திவைத்துத் தீர்மானம் போடுகிறோம். பெயர் உள்ளவர் உங்கள் மகள் ஒருவர்தான். அவர் தங்கியிருப்பதற்கு உறவினர் கையொப்பம் ஒன்று வேண்டும். அது இருந்தால் மற்ற முப்பத்தேழு பேரையும் அவரோடு வந்தவர்களாக எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் பக்கம் செல்லாது. நாளைக் காலையில் குழி வேலை தொடங்கும்.”

காகிதத்தை நகர்த்தினார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். வாசித்துக் காட்டட்டுமா என்று இருளாண்டி கேட்டார், வேண்டாம் என்றேன். ‘மேற்படி லீமாரோஸ் என்பவர் உயிரோடும் நலத்தோடும் கொக்குத்திட்டில் தன் விருப்பத்தின் பேரில் தங்கியிருக்கிறார் என்று அவருடைய தகப்பனாகிய நான் உறுதி கூறுகிறேன்.’

உயிரோடும் நலத்தோடும் என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. அவள் கண்ணை மூட நான் முயன்றதும், மூடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லாததும் எனக்கு மட்டும் தெரியும். மதாரிடம்கூடச் சொன்னதில்லை. இதில் கையெழுத்துப் போட்டால் நான் போட்ட மண் பொய், சொன்ன செபம் பொய். போடாவிட்டால் நாளைக் காலையில் பத்தடிக்குப் பத்தடி. செபஸ்தியம்மாளிடம் இதை யாராவது வாசித்துக் காட்டினால் அவள் சேலையை மாற்றிக்கொண்டு கரைக்கு வந்து நிற்பாள், கூட்டிப் போ என்பாள்.

“யோசிக்க என்ன இருக்கிறது? எந்தத் தகப்பனும் சந்தோஷமாகப் போடக்கூடிய கையெழுத்து,” என்றார் அதிகாரி.

இடது கையால் என் பெயரைப் போட்டேன். நாலு எழுத்துத் தேறும், ஐந்தாவது கோணலாக விழுந்தது. மை காய ஓவர்சியர் ஊதினார்.

“ஒண்ணு கேக்கலாமா சார்,” என்றேன். “ஏழு வருசம் ஆனா செத்தவன்னு எழுதுவீகள்ல?”

“நிச்சயமாக. எழுபத்தொன்று மார்கழியில் தானாகவே எழுதப்படும்.”

“அப்ப எம் மக எடத்தக் காலி பண்ணணுமா?”

அதிகாரி அந்தக் கேள்வியை ஒரு நல்ல கேள்வி என்று பாராட்டினார். இறந்தவர் விருந்தினராக நீடிக்கலாமா என்பதற்கு இப்போது விதி இல்லை, அதற்கு ஒரு துணைக்குழு அமைக்க வேண்டும், அப்போது இருக்கிற அதிகாரி முடிவு செய்வார் என்றார். ஆறு பேரும் ஆமாம் என்றார்கள்.

நான் எழுந்தேன். இருளாண்டி வராந்தா வரைக்கும் கூடவே வந்தார். “தீர்மானத்தோட நகல் வாங்கிட்டுப் போங்க பெரியவரே. அது இருந்தா ஒருத்தனும் தொடமாட்டான். நான் இருக்கேன்ல,” என்றார்.

“ஒங்களுக்கு மாத்தல் வராதா?” என்றேன்.

அவர் கையிலிருந்த நகலை நீவிவிட்டார். நல்ல மனிதர், அதனால்தான் பொய் வரவில்லை. “காரியம் முடிஞ்சிருச்சுல்ல, கொஞ்சம் சிரிச்சிட்டுப் போங்களேன்,” என்றார் பிறகு.

படி இறங்கினேன். வெளியே மரத்தடியில் மனு எழுதுகிறவனைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி, உள்ளே என்ன சொன்னார்கள், நம்பிப் போகலாமா என்று என்னிடம் கேட்டாள். கையைப் பாருங்கள் என்று சொல்ல வாய் எடுத்தேன், சொல்லவில்லை. இருளாண்டி நகலைத் தூக்கிக் காட்டி இன்னொரு தடவை கூப்பிட்டார். அந்தக் காகிதத்தைச் செபஸ்தியம்மாள் இருக்கிற வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. திரும்பாமல் ரோட்டில் இறங்கி ஸ்டேஷன் பக்கம் நடந்தேன்.